நாலு படி கீழே

பார்த்து இறங்குங்க மேடம். மூணாவது படி ஆடும். நாங்க இந்த வீட்டைக் கட்டுனப்ப ரோட்டுலேர்ந்து ரெண்டு படி ஏறி உள்ள வரணும். இப்ப நாலு படி இறங்கி வர்றோம். வீடு அதே இடத்துலதான் இருக்கு, ஒரு இம்மி அசையலை. ரோடுதான் வளர்ந்துக்கிட்டே போகுது. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழசைச் சுரண்டி எடுக்காம அது மேலயே ஜல்லியைக் கொட்டித் தாரை ஊத்திட்டுப் போறாங்க. முதல்ல இதை எழுதிக்குங்க. மொத்தம் ஆறு படி வித்தியாசம். அளக்கணும்னா டேப் இருக்கு, ஒரு முனையை நான் பிடிக்கிறேன்.

செருப்பைக் கழட்டாதீங்க. இந்த வீட்டுக்குள்ள யாரும் கழட்டுறதில்லை. யாரும்னா என்ன, நான் ஒருத்தன்தான்.

வீட்டை நேர்ல பார்த்து ரிப்போர்ட் எழுத கோர்ட்டுலேர்ந்து கமிஷனர் வர்றாங்கன்னு வக்கீல் போன் பண்ணப்ப எனக்குச் சந்தோஷத்துல சாப்பாடு இறங்கலை. ரெண்டு வருஷமா இந்தப் படியில கார்ப்பரேஷன் ஆள் ஒருத்தர் இறங்குனது கிடையாது. மேல ரோட்டுல நின்னுக்கிட்டு எட்டிப் பார்ப்பாங்க, உச்சுக் கொட்டுவாங்க, போயிடுவாங்க. நீங்கதான் முதல் ஆள். என் பொண்ணு வயசுதான் இருக்கும் உங்களுக்கு. ஆனா கோர்ட்டு உத்தரவோட வந்திருக்கீங்க, அதனால மேடம்னுதான் கூப்பிடுவேன்.

ஒண்ணும் விடாம எழுதிக்குங்க மேடம். நான் சொல்றது, நீங்க பார்க்குறது, எல்லாத்தையும். எழுதாம விட்டது நடக்காததுக்குச் சமம். அது என் சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டது.

பேரா? ஏகாம்பரம். சர்க்கார் ஆபீஸ்ல தபால் செக்‌ஷன், முப்பத்தொரு வருஷம். ஜனங்க கொண்டு வர்ற மனுவை வாங்கி, 'பெறப்பட்டது'ன்னு சீல் குத்தி, தேதி போட்டு, நம்பர் எழுதிக் குடுக்குறது என் வேலை. அதுக்கப்புறம் அந்த மனு என்ன ஆச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. அது வேற செக்‌ஷன். ஆனா என் கவுண்ட்டருக்கு வந்த ஒரு தாளை வேண்டாம்னு நான் திருப்பி அனுப்புனது கிடையாது.

இதுதான் முன் ரூம். சுவர்ல அந்தக் கறுப்புக் கோடு தெரியுதா, அவ்வளவு உயரத்துக்கு வந்தது. மழைத்தண்ணி இல்லை மேடம். சாக்கடை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஐப்பசி, தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. விடியக்காலையில பாத்ரூம்லேர்ந்து குடம் கவுத்த மாதிரி கொடகொடன்னு சத்தம். போய்ப் பார்த்தா கக்கூஸ்லேர்ந்து கீழ போக வேண்டியதெல்லாம் மேல வந்துக்கிட்டு இருக்கு. நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். நான் கோணியைப் போட்டு அமுக்குறேன், கோணியைத் தூக்கிட்டு வருது. கால் மணி நேரத்துல முன் ரூம் வரைக்கும் வந்துடுச்சு.

முன் ரூம் என் வீட்டம்மாவோடது. வசந்தகுமாரி. பிளவுஸ் தைப்பா. இந்த நாலு தெருவுல அவகிட்ட அளவு குடுக்காத பொம்பளை கிடையாது. தீபாவளி நேரம் வேற, இங்கேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும் பையா அடுக்கி வெச்சிருந்தா. துணி, சேலை, ஃபால்ஸ் தைக்கிறதுக்குன்னு குடுத்த பட்டு. எல்லாம் தரையில. அதுல ஒண்ணு, பின்தெருப் பொண்ணு ஒருத்தியோட கூரைச் சேலை. கார்த்திகையில கல்யாணம்.

இந்தத் தகர டிரங்குல இருக்கு பாருங்க, மிச்சம். திறக்கட்டுமா? சரி, வேண்டாம். மூடியில சீட்டு ஒட்டியிருக்கேன், சான்று நாலு. அதோ தையல் மிஷின், சான்று ஒண்ணு. மோட்டார் வெச்சது, மோட்டாருக்குள்ள சாக்கடை போய் இறுகிடுச்சு. கட்டில், பீரோ, கதவு அடிப்பக்கம், எல்லாத்துலயும் சீட்டு இருக்கும். பிளாஸ்டிக் கவர் போட்டு ஒட்டியிருக்கேன், ஈரம் படாது.

அன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு அவ அந்தச் சேலையெல்லாம் அலசிக்கிட்டு உக்காந்திருந்தா. ஒவ்வொரு வீடா போய்ச் சொல்லணும், நீங்களும் கூட வாங்கன்னா. எனக்கு முகம் குடுக்க முடியலை, ஒரு வார்த்தை பேசறதுக்காவது வாங்கன்னா. நான் என்ன சொன்னேன்னா, வசந்தா, இந்த வேலையை யாரு வேணா செய்யலாம், மனு எழுத என்னாலதான் முடியும். தேதி முக்கியம். சம்பவம் நடந்த அன்னிக்கே மனு குடுத்தாத்தான் அதுக்கு மதிப்பு. நான் கிளம்பி கார்ப்பரேஷன் ஆபீஸ் போய் வரிசையில நின்னு சீல் வாங்கிட்டு வந்தேன். நான் திரும்பி வர்றப்ப அவ எல்லா வீட்டுக்கும் போயிட்டு வந்து படியில உக்காந்திருக்கா. அந்தக் கல்யாணப் பொண்ணோட அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லலைன்னா. ஒண்ணும் சொல்லலைன்னா நல்லதுதானேன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துட்டு உள்ள போயிட்டா.

அந்த மனுதான் நம்பர் ஒண்ணு. இந்த ஃபைல்ல இருக்கு. மொத்தம் நாப்பத்தொண்ணு. புரட்டிப் பாருங்க, ஒவ்வொண்ணுலயும் சீல், தேதி, நம்பர். ஒரு மனுகூட சீல் இல்லாம இல்லை. போனா 'நாளைக்கு வாங்க'ம்பாங்க. நானும் சர்வீஸ்ல 'நாளைக்கு வாங்க'ன்னு சொல்லியிருக்கேன், ஆனா நான் சொன்னா அதுல ஒரு காரணம் இருக்கும். இவங்க சும்மா சொல்றாங்க.

மிஷினா? ரிப்பேர் பண்ணலாம்தான். மோட்டாரை மாத்துனா ஓடும்னு மெக்கானிக்கைக் கூட்டிட்டே வந்துட்டா அவ. நான்தான் அனுப்பி வெச்சேன். ரிப்பேர் பண்ணிட்டா அப்புறம் எதைக் காட்டி நஷ்டம்னு சொல்றது? கோர்ட்டு கேக்கும் இல்ல? ஓடுற மிஷினைக் காட்டி அழுதா யார் நம்புவா? ஒரு ஆறு மாசம் பொறுத்துக்கோ, தீர்ப்பு வந்ததும் புதுசே வாங்கிடலாம்னேன். அவ கை சும்மா இருந்தே பழக்கமில்லை. கொஞ்ச நாள் ஊசி நூல் வெச்சுத் தெச்சா. அப்புறம் துணி குடுக்க ஆள் வரலை. சாக்கடை புகுந்த வீட்டுக்கு யார் பட்டுத் துணி குடுப்பாங்க.

பக்கத்து வீட்டு ஜோதிலிங்கம் இருக்காரே, அவர் வேற ஆள். அவர் வீட்டுக்கும் அந்த வருஷம் வந்தது. ஒரு மனு குடுக்கலை மேடம். ஒரே ஒரு மனு. பேசாம வடக்கத்தி ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து, வீட்டுக்கு அடியில வரிசையா ஜாக்கி வெச்சு, வீட்டை அப்படியே அலாக்கா நாலடி தூக்கிட்டார். பார்த்தீங்க இல்ல, வரும்போது மேல தெரியுதே பச்சை பெயிண்ட். நம்ம வீட்டையும் தூக்கிடலாம்னு வசந்தா காலைப் பிடிக்காத குறையா கேட்டா. அவ தம்பிகூட உதவி பண்றேன்னான். தூக்கிட்டா அது கார்ப்பரேஷனுக்குத்தானே வசதி? ரோட்டை ஏத்துனது அவன், வீட்டை ஏத்துறது நானா? வீடு இப்படியே பள்ளத்துல இருந்தாத்தான் அவன் பண்ண தப்பு நாலு பேர் கண்ணுல படும். இந்த வீடு முழுக்கவே எனக்குச் சான்றுதான் மேடம். சான்றை யாராவது தூக்குவாங்களா?

எனக்கு நஷ்ட ஈடு பெருசில்லை. வக்கீல் ஒரு தொகை போட்டிருக்கார், அது அவர் வேலை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு லெட்டர். 'எங்கள் தவறால் நேர்ந்தது'ன்னு ஒரு வரி, கீழ கையெழுத்து, சீல். அதை எடுத்துக்கிட்டு வசந்தாகிட்ட போகணும். இப்ப பொண்ணு வீட்டுல இருக்கா. ஹேமா வீடு, அவளுக்கு ரெண்டாவது மாடி. பதினோரு மாசம் ஆகுது.

அதையும் சொல்றேன். முதல்ல அவங்க பதிலைப் பாருங்க. கோர்ட்டுல கார்ப்பரேஷன் போட்டது. 'தெருவாசிகளில் சிலர் தத்தம் வீட்டு மழைநீரைச் சட்டவிரோதமாகக் கழிவுநீர்க் குழாயில் விடுவதால் குழாய் நிரம்பிப் பின்னோக்கிப் பாய்கிறது. இதற்குக் கார்ப்பரேஷன் பொறுப்பாகாது.' எப்படி இருக்கு பாருங்க. குழாயைத் தூர் வாரி எத்தனை வருஷம் ஆச்சுன்னு ஒரு வார்த்தை இல்லை. ரோட்டை ஏத்துனது பத்தி ஒரு வார்த்தை இல்லை. சிலராம். சிலர்னா யாரு? பேர் இருக்கா? கதவு நம்பர் இருக்கா? எனக்கு ஜோதிலிங்கம் மேலதான் சந்தேகம். நீங்க கையோட அவர் வீட்டு மாடியையும் பார்த்துட்டா நல்லது.

என்ன கேட்டீங்க? எங்க வீட்டு மாடித் தண்ணியா?

வாங்க, காட்டுறேன். அதுல எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. இப்படி வாங்க, பாத்ரூம் பக்கம் போகாதீங்க, சமையல்கட்டு வழியா. இதுதான் கொல்லை. ஒரு சொட்டுத் தண்ணி நிக்குதா பாருங்க. காலையில அடிச்சிருக்கு மழை, தரை எப்படிக் காஞ்சு கிடக்கு. முன்னாடி இப்படி இல்லை. ரோடு உயர்ந்ததும் கொல்லைத் தண்ணி வெளிய போக வழியில்லாம இங்கயே தேங்க ஆரம்பிச்சது. மாடித் தண்ணி முழுக்க இங்கதான் கொட்டும். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, இந்தத் துவைக்கிற கல்லுகிட்ட பாசியில வழுக்கி விழுந்தா வசந்தா. வலது மணிக்கட்டு. தையல்காரிக்கு வலது கை போனா என்ன ஆகும். மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம். நான்தான் தலை வாரிவிட்டேன், சோறு ஊட்டிவிட்டேன். சிரிக்காதீங்க, நல்லாவே பின்னல் போடுவேன்.

அப்பதான் நானே யோசிச்சுப் பண்ணது இது. மாடியிலேர்ந்து வருது பாருங்க இந்தப் பெரிய குழாய், நாலு இஞ்ச். கீழ வந்து, வளைஞ்சு, நேரா இந்த மூடிக்குள்ள. ஆமா மேடம், கக்கூஸ் தண்ணி போற சேம்பர்தான். இதுலேர்ந்து தெருக் குழாய்க்குப் போயிடும். எவ்வளவு மழை அடிச்சாலும் கொல்லையில ஈரம் நிக்காது, அவ கால் வழுக்காது. குழாய் போட வந்தவன் முணுமுணுத்தான், மழைத்தண்ணியை இதுல விடக் கூடாது சார், ரூல் இருக்குன்னு. யப்பா, மாடி என்னுது, குழாய் என்னுது, சேம்பர் என்னுது, உனக்கென்னன்னேன். அவனுக்கு என்ன தெரியும், கை ஒடிஞ்சது அவன் வீட்டுலயா?

போட்டோ எடுக்கணுமா? எடுங்க. தள்ளி நிக்கட்டுமா? பக்கத்துல நிக்கிறேன், உயரம் தெரியும்.

வசந்தாவுக்கு இந்தக் குழாய் மேலதான் கண்ணு. போன வருஷம் மழைக்காலத்துல மறுபடி வந்தது மேடம், சாக்கடை. ஒரு தடவை இல்லை, நாலு தடவை. நாலு தடவையும் மனு குடுத்திருக்கேன். ஒரு நாள் அவ என்கிட்ட சொல்லாம மாடிக்குப் போய், ஒரு பழைய சேலையைச் சுருட்டி இந்தக் குழாய் வாயில அடைச்சுட்டு வந்துட்டா. அன்னிக்குச் சாயந்திரம் நல்ல மழை. மாடியில தண்ணி முழங்கால் அளவு நிக்குது. கீழ ஒரு சொட்டு வரலை. பாத்ரூம்ல சத்தமே இல்லை. அவ வாசக்காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, பார்த்தீங்களா, நம்ம மாடித் தண்ணிதாங்க நம்ம வீட்டுக்குள்ள வருது, தெருக்காரன் தண்ணி பாதி, நம்ம தண்ணி பாதி, நம்ம பாதியையாவது நிறுத்துவோங்கன்னா. அழுதுகிட்டே சொன்னா. சிரிச்சுக்கிட்டும் இருந்தா.

நான் சொன்னேன், இது தற்செயல், மழை கம்மியா இருந்திருக்கும்னு.

இல்லை மேடம், கம்மி இல்லை. முழங்கால் அளவுன்னு நானேதானே சொன்னேன். ஆனா அன்னிக்கு என் நிலைமையை நீங்க யோசிக்கணும். மறுநாள் காலையில என்ஜினியர் வர்றேன்னு சொல்லியிருந்தார். முப்பத்தாறாவது மனுவுக்குக் கிடைச்ச பதில் அது, அவரே போன்ல சொன்னது. ஒரு வருஷத்துல முதல் தடவையா ஒரு ஆபீஸர் நேர்ல வர்றார். அவர் வர்ற நேரத்துல வீடு சுத்தமா, காஞ்சு போய் இருந்தா என்ன நினைப்பார்? இந்த ஆள் இவ்வளவு நாளா பொய் மனு குடுத்திருக்கான்னு நினைக்க மாட்டாரா? அதனால நான் குடையைப் பிடிச்சுக்கிட்டு மாடிக்குப் போய் அந்தச் சேலையை உருவிட்டேன்.

வந்தது. வராம இருக்குமா. மாடியில நின்னது அவ்வளவும் ஒரே நேரத்துல இறங்குச்சு. வசந்தா கட்டில் மேல ஏறிக் காலை மடக்கி உக்காந்திருந்தா. விடியுற வரைக்கும் நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன், நாளைக்கு அவர் வந்து கண்ணால பார்க்கட்டும், அப்புறம் பாருன்னு.

அவர் வரலை. வேற வார்டுல மரம் விழுந்துடுச்சாம்.

மத்தியானம் அவ பையை எடுத்துக்கிட்டா. ஹேமா வந்து கூட்டிட்டுப் போனா. படி ஏறி மேல நின்னுக்கிட்டு, இந்தக் குழாயை அறுத்துப் போடுங்க, அன்னிக்கே நான் வந்துடுறேன்னா. வேற ஒண்ணும் கேக்கலை. மிஷின் கேக்கலை, வீட்டைத் தூக்கச் சொல்லலை. குழாய் ஒண்ணுதான். பொம்பளைப் பிடிவாதம்னு நினைச்சேன். கேஸ் கோர்ட்டுல இருக்கும்போது வீட்டுல எதையும் மாத்தக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். போன் பண்ணா எடுப்பா. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, குழாயை எடுத்தீங்களா. இந்த மூணுதான் கேப்பா, தினமும். மூணாவதுக்கு நான் பதில் சொல்றதில்லை. எனக்குத் தனியா இருக்க முடியலை மேடம். அது நிஜம். ராத்திரி ஆனா ரெண்டு தட்டு எடுத்து வெச்சுடுறேன், அப்புறம் ஒண்ணை உள்ள வெக்கிறேன்.

எழுதிட்டீங்களா? படிச்சுக் காட்டுங்க, கையெழுத்துப் போடுறேன். படிக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்.

'முன்னறைச் சுவரில் இரண்டடி உயரத்துக்குக் கழிவுநீர்க் கறை காணப்படுகிறது.' சரி. 'சாலை மட்டம் வீட்டுத் தரையைவிட உயர்ந்துள்ளது.' நல்லது, இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கலாம். பரவாயில்லை. மேல படிங்க.

'மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் வீட்டின் கழிவுநீர்த் தொட்டியில் இணைக்கப்பட்டுள்ளது. இணைத்தது தாமே என்று வாதி தெரிவித்தார். குழாய் அடைக்கப்பட்டிருந்த நாளில் கழிவுநீர் வீட்டுக்குள் வரவில்லை என்றும், அடைப்பை அகற்றியது தாமே என்றும், அகற்றியபின் கழிவுநீர் புகுந்தது என்றும் வாதி தெரிவித்தார்.'

இன்னொரு தடவை படிங்க.

வாதி, நான்தானே. ஆமா.

கொஞ்சம் உக்காந்துக்குறேன் மேடம். இல்லை, தண்ணி வேண்டாம்.

தப்பா ஒண்ணும் எழுதலை. நான் சொன்னதுதான், வார்த்தைக்கு வார்த்தை. அடிச்சுட்டு எழுதுங்கன்னு கேக்க மாட்டேன், கேக்கவும் கூடாது. பதினோரு மாசமா அவ தினமும் சொன்னா, அது எனக்கு ஏறலை. நீங்க தாள்ல எழுதி வாசிச்சதும் ஏறுது. எப்படிப்பட்ட மனுஷன் பாருங்க நான். எங்க போடணும் கையெழுத்து? இங்கயா? தேதியும் போட்டுடுறேன்.

என்னது, இனி எடுத்துடலாமா? நீங்க பார்த்தாச்சு, போட்டோ எடுத்தாச்சு, அதனால இனி குழாயை எடுத்தா ஒண்ணும் ஆகாதா? எழுதிக் குடுங்க மேடம். இதே தாள்ல கீழ ஒரு வரி. உங்களுக்கு அதிகாரம் இல்லையா? வாயால சொன்னா எப்படி? இப்ப ரிப்போர்ட்ல ஏறிடுச்சே அந்தக் குழாய். நாளைக்குக் கார்ப்பரேஷன் வக்கீல் எழுந்து, வாதி சான்றை அழிச்சுட்டார்னு சொன்னா நான் என்ன பண்றது? கோர்ட்டுலதான் கேக்கணும். அனுமதி கேட்டு ஒரு மனு போடணும். அடுத்த வாய்தா எப்ப? தை மாசமா. இது ஐப்பசி.

தூறுது பாருங்க. நீங்க கிளம்புங்க மேடம், பெருசா பிடிக்கிறதுக்குள்ள மேல ஏறிடுங்க. படி வழுக்கும். நான் கட்டில் மேல இருந்துக்குவேன், எனக்குப் பழக்கம்தான். பாத்ரூம்ல சத்தம் கேக்குதா? இன்னும் இல்லை. ஒரு பத்து நிமிஷம் ஆகும்.

என்ன பார்க்குறீங்க? ஜன்னல் ஆணியில தொங்குறதா? அது குழாய் அறுக்குற ஆக்ஸா பிளேடு. கிளம்புன அன்னிக்கு வசந்தா கடைக்குப் போய் வாங்கிட்டு வந்து மாட்டிட்டுப் போனா. ஆள்கூட வேண்டாம், உங்களுக்கே அரை மணி நேர வேலைதான்னா. புதுசுதான் மேடம், காகிதம்கூடப் பிரிக்கலை. இல்லை, அதுல சீட்டு ஒட்டலை. அது சான்று இல்லை.

அதை எழுத வேண்டாம்.